வயிற்றுக்கட்டு

மதுரையிலிருந்து வந்த கார் சந்து முனையிலேயே நின்றது. யாரோ வீடு கட்டுகிறவர்கள் வழியை மறித்து மணல் கொட்டியிருந்தார்கள். அதனால்தான் மலிகா இறங்கி நடந்து வந்ததை உம்மு ஹபீபா தன் ஜன்னல் வழியாக முழுசாகப் பார்க்க நேர்ந்தது. தொலைந்த கம்மலைத் தரையில் தேடுகிறவள்போல மலிகா இடுப்பை மடக்கி, தலை நிமிராமல், ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். புர்காவுக்கு மேல் அவளது வலது கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. கைப்பையைக்கூட டிரைவர்தான் தூக்கி வந்தார்.

ஹபீபா, மலிகாவின் கணவன் கபீருக்கு அக்கா; அவனுக்கும் மலிகாவுக்கும் 'லாத்தா'. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமான மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவான். கபீர் அப்படிப் போன தூரம் ஒரே ஒரு சுவர். பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர அந்தச் சுவரில் ஒரு கதவும் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத ஹபீபா, புருஷன் மவுத்தாகித் தனியான பிறகு அந்தக் கதவை நம்பித்தான் நாட்களைத் தள்ளினாள். இந்தப் பக்கத்துக் குழம்பு அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்து டீ இந்தப் பக்கம் வரும். கபீர் துபாயில் வேலை பார்த்தான். கடைசியாக லீவில் வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மகன் உசாமா சென்னையில் படித்தான். மகள் சஃபா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள்.

சின்னம்மா மகளுக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மலிகா மதுரைக்குப் போனாள். ஹபீபா கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனபோது, அவள் கட்டிலில் இரண்டு தலையணைகளை முதுகுக்கும் இரண்டை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, பாதி உட்கார்ந்த மாதிரி சாய்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, இப்பிடி வளைஞ்சு நடந்து வாரே?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் லாத்தா. இடுப்புல அடி. கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் படுக்கச் சொல்லியிருக்காக."

"பிள்ளை என்ன பிள்ளை?"

மலிகா ஒரு நொடி விழித்தாள். "எந்தப் பிள்ளை?"

"ஒன் சின்னம்மா மகளுக்குப் பொறந்த பிள்ளை."

"ஆம்பளப் பிள்ளை லாத்தா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு ஹபீபா போனபோது நடுச்சுவர்க் கதவு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

*

இடுப்பில் அடிபட்டவள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். மலிகாவின் கை முன்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஹபீபா இதை முதலில் யோசித்தாள். அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீட்டில் எப்போதும் சுடிதார் போடுகிறவள் இப்போது கூடாரம் மாதிரி ஒரு நைட்டியில் கிடந்தாள். தும்மல் வந்தால் தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தும்மினாள். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். கிட்டே போனால் ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

மலிகா வந்து இரண்டு வாரமான பிறகு, ஒரு நாள் கதவு திறந்திருந்த நேரமாகப் பார்த்து ஹபீபா உள்ளே போனாள். மலிகா கட்டிலிலிருந்து எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கிப் பிடிக்கிற சாக்கில் ஹபீபா அவள் வயிற்றைச் சுற்றிக் கையைக் கொடுத்தாள். துணிக்கு அடியில் சதை இல்லை. பலகை மாதிரி இறுகிய ஏதோ ஒன்று, நெஞ்சுக்குக் கீழிருந்து தொடைவரை. பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன முண்டுகள் விரலில் தட்டுப்பட்டன.

மலிகா அவள் கையை விலக்கினாள். வேகமாக இல்லை, ஆனால் விலக்கினாள்.

"இடுப்பு பெல்ட் லாத்தா. டாக்டர் கொடுத்தது."

ஹபீபா தன் வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் வயிற்றுக்கட்டு கட்டிவிடுவது அவள்தான். பழைய வெள்ளை வேட்டியை நீளவாக்கில் கிழித்து, பெற்றவளை மல்லாக்கப் படுக்கவைத்து, சுற்றிச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுவாள். உசாமாவையும் சஃபாவையும் மலிகா வயிற்றை அறுத்துத்தான் பெற்றாள். தையல் ஆறிய பிறகு ஹபீபாதான் கட்டிவிட்டாள். பெற்றவள் எப்படி நடப்பாள், எப்படிச் சாய்வாள், தும்மும்போது எதைப் பிடித்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். மலிகா இப்போது அப்படித்தான் நடந்தாள்.

கபீர் ஊருக்கு வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல்.

நினைப்பை அதற்கு மேல் போகவிடாமல் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பு நிற்கவில்லை. போவதற்கு முன்னால் மலிகாவுக்கு வயிறு பெரிசாக இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். எப்போதும்தான் இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்த வயிறு உள்ளே போகவே இல்லை. அதற்குள் எதை ஒளித்தாலும் யாருக்குத் தெரியும்?

*

அந்த வாரமே அலியார் வந்தான். கபீரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அடுத்த தெருக்காரன், லீவில் வந்திருந்தான். லுஹர் தொழுகை முடிந்து தெருவே அடங்கிக் கிடந்த வெயில் நேரம். மலிகா வீட்டு வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். சஃபா கதவைத் திறக்கவில்லை; மலிகாவே எழுந்து வந்து திறந்தாள். அவன் ஒரு கறுப்பு பாலிதீன் பொட்டலத்தை நீட்டினான். மெத்தென்று மடங்கியது அது. பேச்சு எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

துபாய்க்காரர்கள் ஊருக்கு வரும்போது அடுத்தவர் வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்தான். அப்படிக் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்து ஒரு சர்பத் குடித்துவிட்டு, கபீர் நல்லா இருக்கார் என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். ஹபீபா வீட்டிலும் எட்டிப் பார்ப்பார்கள். இவன் பார்க்கவில்லை.

ஹபீபாவின் மனது வேறு பக்கம் ஓடியது. தங்கமாக இருக்குமோ. இந்தக் கடற்கரையில் அது ஒன்றும் புதிசில்லை. இடுப்பு பெல்ட்டில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்து பிடிபட்டவர்கள் கதை வாரத்துக்கு ஒன்று பேப்பரில் வரும். பெண்கள்கூட. அவளுக்கு இந்தச் சந்தேகம் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. முந்தினதற்கு இது பரவாயில்லை.

மறுநாள் காலை சஃபா மாடிக்கு ஈரத்துணி கொண்டுபோவதைப் பார்த்தாள். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். சஃபா இறங்கிப் போகும்வரை காத்திருந்து, ஸ்டூல் போட்டு ஏறிக் குதித்தாள் ஹபீபா. ஐம்பத்தாறு வயதில் அவள் அப்படி ஏறிக் குதித்ததை யாரும் பார்க்கவில்லை என்பது பெரிய விஷயம்.

கொடியில் ஒரு படுக்கை விரிப்பு. அதற்கு அடியில், வெளியே தெரியாதபடி, தோல் நிறத்தில் ஒரு உடுப்பு தொங்கியது. மேலே பனியன் மாதிரி, கீழே அரைக்கால் சட்டை மாதிரி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. ரப்பர் கலந்த கெட்டித் துணி. பக்கவாட்டில் அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு வரிசை கொக்கிகள், அதை மூட ஒரு ஜிப். ஹபீபா தையல் தையலாகத் தடவிப் பார்த்தாள். பை இல்லை, உள்மடிப்பு இல்லை. தங்கம் வைக்க ஒரு விரல் இடம்கூட இல்லை. அடிவயிறு வருகிற இடத்தில் கழுவியும் போகாத பழுப்புக் கறை இருந்தது. மோந்து பார்த்தாள். காய்ந்த ரத்தத்தின் வாடை.

தங்கம் இல்லை. அப்படியென்றால் பழைய சந்தேகம்தான்.

*

தம்பிக்கு போன் போடுவதற்கு முன் இரண்டு நாள் தவித்தாள். சொன்னால் ஒரு குடும்பம் உடையும். சொல்லாமல் இருந்தால் தம்பியை ஏமாற்றினவள் ஆவாள். கடைசியில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"கபீரு, ஒம் பொண்டாட்டி நடத்தை ஒண்ணும் சரியாப் படல எனக்கு."

"ஏன் லாத்தா?"

சொன்னாள். மதுரை, வளைந்த நடை, தாழ்ப்பாள் போட்ட கதவு, ரத்தக் கறை, அலியார். பிள்ளை என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதை அவனே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் லாத்தா" என்றான் கபீர். "அலியார நாந்தான் அனுப்புனேன். நீ இதுல தலையிடாத."

"என்ன தெரியும் ஒனக்கு?"

"சின்ன ஆபரேஷன். பொம்பளைக சமாச்சாரம். யாருகிட்டயும் பேசிக்கிட்டு இருக்காத."

"கர்ப்பப்பையா?"

"லாத்தா, வேலையில இருக்கேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாரேன்ல, அப்பப் பேசிக்கலாம்."

வைத்துவிட்டான். ஹபீபாவுக்கு முதலில் ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. மலிகாவைப் பற்றி நினைத்ததற்காக மனசுக்குள் அவளிடமே மன்னிப்புக் கேட்டாள். ஆனால் மாடிப்படி இறங்குவதற்குள் வேறொன்று முளைத்துவிட்டது. மனைவிக்கு ஆபரேஷன் என்றால் எந்தப் புருஷனும் பதறுவான். அக்காவிடம் பார்த்துக்கொள் என்று சொல்வான். இவன் ஏன் மறைக்கிறான்? பேசும்போது குரலில் பதற்றம் இல்லை. மாட்டிக்கொண்டவனின் சுருதிதான் இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கடற்கரையில் சுற்றிவிட்டு வருகிற கபீரை அவளுக்குத் தெரியும். அந்தக் குரல்தான் இது.

*

மறு வாரம் ஒரு காலையில் நடுக்கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு சஃபா நின்றாள்.

"மாமி, உம்மாவுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. எந்திரிக்க முடியல. ஒங்களக் கூப்பிட வேணாம்னாங்க. நாந்தான் வந்தேன்."

மலிகா கட்டிலில் கிடந்தாள். முகம் வீங்கி, உதடு வறண்டிருந்தது. கால்கள் இரண்டும் தொடையிலிருந்து பாதம்வரை பளபளவென்று வீங்கியிருந்தன. ஹபீபா சஃபாவை வெளியே அனுப்பிவிட்டு நைட்டியைத் தூக்கினாள். மாடியில் பார்த்த உடுப்பு இல்லை அது, கறுப்பாக இருந்தது. கொக்கியைத் தொட்டதும் மலிகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழட்டாதீக லாத்தா. கழட்டுனா தொங்கிரும்."

"என்ன தொங்கிரும்?"

"எல்லாம் வீணாப் போயிரும். பெருநாளைக்குள்ள சேரணும்."

காய்ச்சலில் பேசுகிறாள் என்று ஹபீபா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கறுப்பு உடுப்பின் கொக்கிகள் லேசில் வரவில்லை, அத்தனை இறுக்கம். ஒன்று கழன்றதும் மற்றது தானாகத் தெறித்தது. அதற்கு அடியில்தான் தோல் நிற உடுப்பு இருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்று, இரண்டு. உள்ளே இருந்தது இன்னும் ஈரமாக இருந்தது. துவைத்துக் காயாமலே போட்டிருக்கிறாள்.

இரண்டையும் விலக்கினாள். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை, பானை வாய் மாதிரி வளைந்த ஒரு தையல் தழும்பு. தொப்புளைச் சுற்றி இன்னொரு தையல். துணி மடிந்து அழுத்தின இடங்களில் தோல் கன்றிக் கறுத்திருந்தது. தொடை இடுக்கில் கொப்புளம். தழும்புக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தது. விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர் அலைவது தெரிந்தது.

இது பிள்ளை பெற்ற வயிறு இல்லை. கர்ப்பப்பை எடுத்த வயிறும் இல்லை.

"யாரு புள்ள ஒன்ன இப்பிடி அறுத்தது?" என்று கேட்டாள் ஹபீபா.

*

ராமநாதபுரத்தில் டாக்டர் மாலதியிடம் கொண்டுபோனார்கள். அவர் மலிகாவிடம் நம்பர் வாங்கி, ஆபரேஷன் செய்த மதுரை டாக்டருடன் போனில் பேசிவிட்டு, ஊசி வைத்து அந்த உப்பலிலிருந்து நீரை எடுத்தார். தேநீர் நிறத்தில் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. பிறகு ஹபீபாவை உட்காரச் சொல்லி விளக்கினார்.

"டம்மி டக்னு சொல்வாங்கம்மா. தொங்கிப்போன தோலை வெட்டி எடுத்துட்டு, பிரசவத்துல விலகின வயித்துத் தசையை இழுத்துத் தைக்கிறது. தைச்ச பிறகு தோலுக்கும் தசைக்கும் நடுவுல நீர் சேரும். அது சேராம, வீக்கம் வராம, தையல்ல இழுப்பு விழாம தாங்கிப் பிடிக்கத்தான் இந்த பெல்ட். பகலும் ராத்திரியும் போடணும். குளிக்கிறப்பக் கழட்டணும். மாத்துறதுக்கு ரெண்டு வச்சுக்கணும், உலர்ந்ததைத்தான் போடணும். மதுரையில கொடுத்தது இவங்க அளவுக்குச் சரியானதுதான்."

கறுப்பு உடுப்பை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இது ரெண்டு அளவு சின்னது. மாத்திப் போடுறதுக்குப் பதிலா மேல போட்டிருக்காங்க. ரத்த ஓட்டமே தடைபட்டிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தா தோல் செத்துப்போயிருக்கும். பெல்ட் தாங்குறதுக்குத்தான், செதுக்குறதுக்கு இல்ல. யாரு இதைப் போடச் சொன்னது?"

மலிகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானாத்தான் டாக்டர்."

டாக்டர் நம்பவில்லை. ஹபீபாவும் நம்பவில்லை. அலியாரின் கறுப்புப் பொட்டலம் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வார்டில் இருவரும் தனியாக இருந்தபோது, மருந்து ஏறிக் காய்ச்சல் இறங்கிய பிறகு, மலிகா சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

"எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு லாத்தா. பொய் சொல்லல. படுத்து எந்திரிக்கையில வயித்துக்கு நடுவுல கூர முகடு மாதிரி ஒண்ணு பொடச்சுக்கிட்டு நிக்கும். முதுகு வலி தாங்க முடியாது. கோடையில மடிப்புக்குள்ள புண்ணாப் போயிரும். ஆபரேஷன் பண்ணுனா சரியாகும்னாக. ஆனா நானாப் போயிருக்க மாட்டேன். அல்லா குடுத்த ஒடம்ப அறுத்தான்னு பேசுவாகன்னு பயம்."

"பெறகு?"

"போன லீவுல இருந்தே அவுக ஒரு மாதிரிதான். வீடியோ கால்ல, போனக் கொஞ்சம் மேல தூக்கிப் புடி, மொகம் மட்டும் தெரியட்டும்பாக. பெருநாளைக்கு வந்துட்டுப் போறப்ப என்னையும் சஃபாவையும் விசிட் விசாவுல துபாய்க்குக் கூட்டிட்டுப் போறாகளாம். அதுக்குள்ள சரியாயிரணும்னாக. மதுரையில டாக்டர ஏற்பாடு பண்ணுனதும் அவுகதான். ஆபரேஷன் முடிஞ்சு வந்த நாள்ல இருந்து வெள்ளிக்கிழமை தவறாம போட்டோ அனுப்பச் சொன்னாக. வயிறு இன்னும் எறங்கல, பெல்ட்டு லூசா இருக்குன்னாக. அங்கனயே சின்ன சைஸ்ல வாங்கி அலியார்கிட்ட குடுத்தனுப்புனாக."

"எனக்கு ஏன் சொல்லல நீ?"

மலிகா முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"நீங்க அவுகளுக்கு லாத்தா."

தம்பிக்குப் போன் போட்டு, இவளைப் பற்றி என்னவெல்லாம் சொன்னோம் என்பது ஹபீபாவுக்கு ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

வராந்தாவுக்கு வந்து கபீரைக் கூப்பிட்டாள். காய்ச்சல், நீர், கறுத்த தோல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பதறினான். உண்மையாகவே பதறினான். ஆனால் அவள் விடவில்லை.

"என்ன அவசரம் ஒனக்கு? பதினேழு பதினெட்டு வருசமா இந்த வயித்தோடதான இருந்தா?"

"அவ நல்லதுக்குத்தான் லாத்தா சொன்னேன். இங்கன எல்லாரும் குடும்பத்தோட இருக்காக. கம்பெனியில விருந்து விசேஷம்னா..."

"வேற யாராச்சும் இருக்காளா ஒனக்கு?"

முந்தின தடவை மாதிரியே ஒரு மௌனம். இந்தத் தடவை ஹபீபா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சத்தியமா இல்ல லாத்தா" என்றான்.

இவ்வளவு நேரம் எதற்கு எடுத்துக்கொண்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

*

பெருநாளைக்கு முந்தின வாரம் கபீர் வந்தான். பெட்டிகளை இறக்கிவிட்டு, வெக்கை தாங்காமல் முற்றத்தில் சட்டையைக் கழற்றியபோது ஹபீபா பார்த்தாள். அவனுக்கே தொப்பை கைலிக்கு மேல் சரிந்து கிடந்தது. தாடிக்குக் கறுப்புச் சாயம் போட்டிருந்தான். அதை அவள் தனியாகக் குறித்துக்கொண்டாள்.

"நல்லாச் சாப்புடுறே போல" என்றாள்.

அவன் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டான்.

மலிகா இப்போது நிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். கறுப்பு உடுப்பை டாக்டரிடமே விட்டுவிட்டு வந்தாள். மதுரை அளவிலேயே இன்னொன்று வாங்கி, ஒன்று மாற்றி ஒன்று, நன்றாக வெயிலில் காய்ந்ததைப் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போட்டோ எதுவும் அனுப்பவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை. நடுக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தாள். ஆனால் புருஷன் வந்த பிறகும் அவனோடு அதிகம் பேசவில்லை. சோறு போட்டாள், வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். பெருநாளைக்கென்று புதுச்சேலை எடுத்து வந்திருந்தான். தையல் முழுசா ஆறட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டாள்.

ஹபீபா இரண்டு பக்கமும் கண் வைத்திருந்தாள். கபீர் போனைக் கவிழ்த்தே வைத்தான். மாடிக்குப் போய்ப் பேசினான். கேட்டால் கம்பெனி என்றான். கம்பெனி என்றால் ஏன் குரல் தணிகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சத்தியம் செய்வான், அது அவளுக்கு வேண்டாம்.

ஒரு நாள் மலிகாவிடம் மட்டும் கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தோணலயா புள்ள?"

"தோணுது லாத்தா" என்றாள் மலிகா, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே. "மொதல்ல ஒடம்பு ஒட்டட்டும்."

*

பெருநாள் கழிந்து டாக்டர் மாலதியிடம் போக வேண்டியிருந்தது. கபீர் காரிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். மலிகா, "நீங்களும் வாங்க" என்றாள். அவன் வந்தான்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? வாங்க. இன்னும் கொஞ்ச நாள் இதைப் போடணும். இவங்களே குனிஞ்சு கீழ்க்கொக்கி மாட்டுறது சிரமம். நீங்க கத்துக்கோங்க."

கபீர் அக்காவைப் பார்த்தான். ஹபீபா வேறு பக்கம் பார்த்தாள். அவன் திரைக்குப் பின்னால் போனான்.

திரை தரைவரை எட்டவில்லை. ஹபீபா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர்கள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. டாக்டரின் செருப்பு, மலிகாவின் வெறுங்கால், கபீரின் பளபளப்பான ஷூ. பிறகு ஷூ ஒரு அடி பின்னால் போனது.

"பின்னால போகாதீக" என்றது மலிகாவின் குரல். "இங்கன பாருங்க. போட்டோவுல இவ்வளவு தெரிஞ்சிருக்காது."

"மலிகா..."

"கீழ இருந்து ஆரம்பிக்கணும். துணியில சுருக்கம் விழாமப் புடிச்சுக்கிட்டு மாட்டணும். சுருக்கம் விழுந்த எடத்துலதான் கறுத்துச்சு."

ஷூ முன்னால் வந்தது. கபீர் முட்டி போட்டான். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழும் மெல்லிய சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை டாக்டர், "விரல் உள்ளே போகுதான்னு பாருங்க, அந்த அளவு தளர்வு வேணும்" என்றார். ஒரு கொக்கியில் அவன் வெகுநேரம் நின்றுவிட்டான். அவன் அழுகிறானா, இல்லை கொக்கி சிக்கிக்கொண்டதா என்று ஹபீபாவுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. யாரையும் பார்க்காமல் போய்த் தண்ணீர் குடித்தான்.

திரும்பும்போது அவன் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்கள் பின்னால். திருப்புல்லாணி தாண்டிய பிறகு அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தான். உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் அணைத்தான். ஹபீபா கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பினாள். மலிகாவும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள் மலிகா.

"கம்பெனி."

"பெருநாள் லீவுலயுமா?"

மலிகா முன்சீட்டுக்கு நடுவே கையை நீட்டினாள். கொடுங்கள் என்று சொல்லவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாள். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மற்றக் கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டாளே தவிர, நீட்டின கையை மடக்கவில்லை.

கபீர் போனை அவள் கையில் வைத்தான்.

மலிகா திரையைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரைப் பட்டைகளுக்கு நடுவில் அதைப் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் ஒக்காந்து பாப்போம்" என்றாள். பிறகு டிரைவரிடம், பள்ளம் பார்த்து மெதுவாகப் போகச் சொன்னாள்.

பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.